வம்சத்தில் ஓடும் குடல் புற்றுநோய்: எங்கள் வீட்டு அனுபவம்

அண்ணனுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று உறுதியானபோது அவனுக்கு 41 வயது. பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. தாராவியில் 90 அடி ரோட்டுக்குப் பக்கத்தில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தான். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7. பக்கத்து கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போகிறது என்றதற்கு அந்த மாத்திரையைக் காரணம் சொன்னார்கள். பிறகு மூல நோயாக இருக்கும் என்று அதற்கும் ஒரு மருந்து. இப்படியே மாதங்கள் ஓடின.

ஒரு ஆணுக்கு, அல்லது மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு, இரும்புச்சத்து குறைந்து ரத்தம் இவ்வளவு கீழே இறங்கினால் அந்த ரத்தம் எங்கே போகிறது என்று தேடியாக வேண்டும். மாத்திரை கொடுத்து ஏற்றிவிட்டால் மட்டும் போதாது. பெருங்குடலின் வலது பக்கம் கட்டி இருந்தால் பெரும்பாலும் வலி இருக்காது, அடைப்பு இருக்காது, ரத்தம் தனியாகக் கண்ணில் படாது. சோகை ஒன்றுதான் வெளியே தெரியும். அண்ணனுக்கு அப்படித்தான் இருந்தது. கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்த அன்றே கட்டி தெரிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து, கீமோ முடிந்து, இப்போது அவன் பட்டறைக்குப் போய்வருகிறான்.

நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. ஆபரேஷனுக்குப் பின் வேறொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனோம். ரிப்போர்ட்டைப் புரட்டிய அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்பா எத்தனை வயதில் இறந்தார்?" 46 வயதில், குடலில் கட்டி வந்து, பாளையங்கோட்டையில் இறந்தார் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அண்ணனின் கட்டியிலிருந்து எடுத்த பிளாக் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

பிளாக் என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம். வெட்டி எடுத்த கட்டியின் சிறு துண்டுகளை மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடச் சிறியதாக ஒரு வில்லையாக ஆஸ்பத்திரி லேபில் வைத்திருப்பார்கள். வருஷக்கணக்கில் கெடாது. எழுதிக் கொடுத்துக் கேட்டால் நோயாளிக்கோ குடும்பத்துக்கோ கொடுப்பார்கள். நோயாளி இறந்துபோயிருந்தாலும் அந்த பிளாக் இருந்தால் அதிலிருந்து பல விஷயங்கள் கண்டுபிடிக்கலாம். அதனால் வீட்டில் யாருக்காவது புற்றுநோய் ஆபரேஷன் நடந்திருந்தால் பயாப்சி (திசுப் பரிசோதனை) எண், லேப் பெயர், தேதி மூன்றையும் பத்திரமாக எழுதி வையுங்கள். நாங்கள் பிளாக்கை வாங்கி மறுபடி டெஸ்டுக்குக் கொடுத்தோம். இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்பார்கள். செலவு அதிகமில்லை. எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற நான்கு புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று சாயம் ஏற்றிப் பார்ப்பது. அண்ணனின் கட்டியில் கடைசி இரண்டும் இல்லை.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். உடம்பில் ஒரு செல் இரண்டாகும்போது டி.என்.ஏ.வில் உள்ள சுமார் 600 கோடி எழுத்துகளையும் நகல் எடுக்கிறது. நகலில் பிழை விழத்தான் செய்யும். அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவரைப் போல அதைத் தேடித் திருத்துவதற்கு என்றே சில புரதங்கள் இருக்கின்றன. எம்.எஸ்.எச்.2-வும் எம்.எஸ்.எச்.6-ம் ஜோடியாகச் சேர்ந்து பிழையைக் கண்டுபிடிக்கும். எம்.எல்.எச்.1-ம் பி.எம்.எஸ்.2-வும் வந்து அந்த இடத்தை வெட்டித் திருத்த வழி செய்யும். இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கண்டறிந்ததற்காக அமெரிக்க விஞ்ஞானி பால் மோட்ரிச்சுக்கு 2015-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எம்.எஸ்.எச்.2 இல்லாவிட்டால் அதன் ஜோடியும் நிலைக்காது. இரண்டும் சேர்ந்து காணாமல் போயிருந்தால் கோளாறு பெரும்பாலும் எம்.எஸ்.எச்.2 ஜீனில்தான். எம்.எல்.எச்.1 இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். வயதானவர்களுக்குப் பரம்பரைக் காரணம் இல்லாமலும் அப்படி வரும் என்பதால் இன்னொரு டெஸ்ட் செய்துவிட்டுத்தான் முடிவுக்கு வருவார்கள்.

இந்த ஜீன்களில் பழுதோடு பிறப்பதைத்தான் லிஞ்ச் சிண்ட்ரோம் என்கிறார்கள். பெருங்குடல் புற்றுநோய் வருகிறவர்களில் 100-க்கு சுமார் 3 பேருக்கு இது இருக்கும். ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு பிரதி: அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி பழுதாகப் பிறந்தாலும் மற்றொன்று வேலை செய்துகொண்டிருக்கும். வாழ்நாளில் குடலின் ஏதோ ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் கெட்டால் அங்கே பிழைகள் திருத்தப்படாமல் சேரத் தொடங்கும். சாதாரணமாக ஒரு பாலிப் (குடலின் உள்சுவரில் முளைக்கும் சிறு சதை) புற்றாக மாறப் பத்து வருஷம் போல ஆகும் என்றால், இவர்களுக்கு ஒன்று முதல் மூன்று வருஷத்திலேயே மாறிவிடலாம்.

அடுத்ததாக மரபியல் கிளினிக்கில் வம்சாவளி கேட்டார்கள். பரேல் டாடா மெமோரியலில் இதற்கென்றே தனியாகப் புற்றுநோய் மரபியல் கிளினிக் இருக்கிறது. மும்பையின் சில பெரிய ஆஸ்பத்திரிகளிலும் மரபியல் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் பேசிய கவுன்சிலர் ஒரு பெரிய தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று போட்டுக்கொண்டே வந்தார். புற்றுநோய் வந்தவர்களைக் கறுப்பாக்கினார். இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. யார், என்ன நோய், எத்தனை வயதில் என்ற மூன்றும் வேண்டும் என்றார். வயதுதான் மிக முக்கியமாம்.

ஊருக்கு ஆச்சிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, போன் போட்டேன். நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமம். ஆச்சிக்கு 88 வயது, ஞாபகம் தெளிவு. "ஒங்க தாத்தாவுக்கு வயித்துக்குள்ள கட்டிட்டீ, கடைசியில ரத்தமாத்தான் போச்சு" என்று ஆரம்பித்தது. வருஷம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதனால் கேள்வியை மாற்றினேன். எம்.ஜி.ஆர். இறந்த வருஷத்துக்கு முன்னாலா, பின்னாலா? பெரியப்பா போனது எப்போது? "எம்ஜியார் செத்தாருல்லா, அந்த வருசந்தான். பெரியவனுக்கு அப்போ கைப்புள்ள." கணக்குப் போட்டால் 1987, பெரியப்பாவுக்கு 35 வயது. அத்தைக்கு நாகர்கோவிலில் கர்ப்பப்பையை எடுத்தார்கள் என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். ஏன் எடுத்தார்கள் என்பது ஆச்சிக்குத்தான் தெரிந்திருந்தது. "அதுலயும் கட்டிதான், பயாஸ்கி எடுத்தாவ." அத்தைக்கு அப்போது 47.

குடும்ப நோய் வரலாறு தேடுகிறவர்கள் வீட்டு ஆண்களிடம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பேன். படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டது யார், துணி துவைத்தது யார் என்று பாருங்கள். அவர்களிடம் கேளுங்கள். நம் வீடுகளில் 'வயிற்றுக்கட்டி', 'குடல் புண்', 'மஞ்சக்காமாலை முத்திருச்சு', 'பெரும்பாடு' என்று சொல்லி முடித்துவிட்ட பல சாவுகள் உண்மையில் என்ன என்பது அவர்கள் சொல்லும் அறிகுறிகளில் இருக்கும். கர்ப்பப்பைப் புற்றுநோயைக் குடல் புற்றுநோயோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஆனால் லிஞ்ச் சிண்ட்ரோமில் பெண்களுக்குக் குடலுக்கு அடுத்து, சிலருக்குக் குடலுக்கும் முன்னால், வருவது அதுதான். சினைப்பை, வயிறு, சிறுகுடல், சிறுநீர்க்குழாய் ஆகியவற்றிலும் வரலாம்.

இந்த நோயின் வரலாறே ஒரு பெண் சொன்ன பேச்சில்தான் தொடங்குகிறது என்று பிற்பாடு படித்தேன். 1895-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்தின் என்ற மருத்துவரிடம் அவர் வீட்டுக்குத் துணி தைத்துவந்த பெண், எங்கள் வீட்டில் எல்லோரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்றாராம். அப்படியே இறந்தும் போனார். வார்தின் அந்தக் குடும்பத்தைத் தேடி விவரம் சேகரித்து 1913-ல் எழுதினார். 1960-களில் நெப்ராஸ்காவின் மருத்துவர் ஹென்றி லிஞ்ச் இதே மாதிரிக் குடும்பங்களைப் பற்றி எழுதினார். பல வருஷம் அவரை நம்பியவர்கள் குறைவு. 1993-ல் எம்.எஸ்.எச்.2 ஜீன் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தத் தையல்காரப் பெண்ணுக்கும் எங்கள் ஆச்சிக்கும் விஷயம் முன்பே தெரிந்திருந்தது. கேட்க ஆளில்லை.

டெஸ்டில் ஒரு வரிசை இருக்கிறது. இதை மாற்றிச் செய்து பணத்தை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நோய் வந்தவருக்குத்தான் முதலில் ஜீன் டெஸ்ட் எடுக்க வேண்டும். ஊதா மூடி போட்ட சின்ன டியூபில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். அவரிடம் எந்த ஜீனில் எந்த இடத்தில் பழுது என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் ரொம்பக் குறையும். அப்போது 'இல்லை' என்று வந்தால் அது உறுதியான இல்லை. மற்ற எல்லோருக்கும் இருக்கிற அளவு ரிஸ்க்தான். நோய் வந்தவரை விட்டுவிட்டு ஆரோக்கியமாக இருப்பவர் நேரே போய் டெஸ்ட் எடுத்து 'நெகடிவ்' என்று வந்தால் அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. சில சமயம் 'அர்த்தம் உறுதியாகாத மாற்றம்' என்றும் ரிப்போர்ட் வரும். நம் நாட்டு மக்களின் ஜீன் விவரங்கள் உலகத் தொகுப்புகளில் குறைவாக இருப்பதால் நமக்கு இது அதிகம் வருகிறது. அதை வைத்துக் கர்ப்பப்பையை எடுப்பது, குடலை எடுப்பது என்று எந்த முடிவும் செய்யக் கூடாது.

அண்ணனுக்கு எம்.எஸ்.எச்.2-ல் பழுது உறுதியானது. அத்தைக்கும் அதே இடத்தில். எனக்கும் அதே. தங்கச்சிக்கு இல்லை.

அப்பா அம்மாவில் ஒருவருக்குப் பழுது இருந்தால் பிள்ளைக்கு வர ஐம்பது சதவீதம் வாய்ப்பு என்பதை வீட்டில் எல்லோரும் தப்பாகவே புரிந்துகொண்டார்கள். "அண்ணனுக்கும் உனக்கும் வந்திருச்சு, அதான் தங்கச்சி தப்பிச்சா" என்றார் ஒரு சித்தப்பா. அப்படிக் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பாதிக்குப் பாதி. நாலு பிள்ளைக்கும் வரலாம், ஒருவருக்கும் வராமலும் போகலாம். ஆண் பெண் வித்தியாசம் இல்லை. பழுது இல்லாதவரிடமிருந்து அவர் பிள்ளைகளுக்குப் போகாது. பழுது தலைமுறை தாண்டி முளைக்காது.

பழுது இருந்தால் நோய் வந்தே தீரும் என்பதும் இல்லை. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 என்றால் வாழ்நாளில் குடல் புற்று வர ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் வாய்ப்பு என்பார்கள், பி.எம்.எஸ்.2 என்றால் 10 முதல் 20. இது கண்காணிப்பு இல்லாமல் பயந்து ஒளிகிறவர்களுக்கும் கண்காணிப்பில் இருப்பவர்களுக்கும் ஒன்றல்ல. பின்லாந்தில் இந்தக் குடும்பங்களை 15 வருஷம் தொடர்ந்து பார்த்து 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை குடலைப் பரிசோதித்தவர்களிடம் குடல் புற்று 62 சதவீதம் குறைந்தது. குடல் புற்றால் அவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. பரிசோதிக்காதவர்களில் 9 பேர் இறந்தார்கள். இப்போது எங்களுக்குச் சொல்லியிருப்பது ஒன்று அல்லது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, 20-25 வயதிலிருந்தே. எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்றால் 30-35 வயதில் தொடங்கலாம். என் முதல் கொலோனோஸ்கோப்பியிலேயே வலது பக்கத்தில் ஒரு பாலிப் இருந்தது. அப்போதே எடுத்துவிட்டார்கள். தூங்கி எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கொலோனோஸ்கோப்பியில் கஷ்டம் எல்லாம் முந்தின நாள்தான். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, தக்காளி, கொய்யா, எள் மாதிரி நாரும் விதையும் உள்ளவற்றை நிறுத்திவிட வேண்டும். வெள்ளைச் சோறு, தயிர், இட்லி போதும். முந்தின நாள் தெளிந்த திரவம் மட்டும். ரசத்தை அடி கலக்காமல் மேலாக எடுத்துத் துணியில் வடிகட்டிச் சூடாகக் குடித்தேன். உப்பும் புளியும் நாக்கில் பட்டதும் உயிர் வந்த மாதிரி இருந்தது. இளநீர், பால் விடாத டீ சரி. மாதுளை, பீட்ரூட் சாறு கூடாது. சிவப்பு நிறம் உள்ளே ரத்தம் மாதிரி தெரியும். பேதி பவுடரை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்தால் குமட்டல் குறையும். பாதியை ராத்திரியும் பாதியை விடியற்காலையும் குடிக்கச் சொன்னால் அந்த இரண்டாம் பாதியை விட்டுவிடாதீர்கள். வலது பக்கம் சுத்தமாவது அதில்தான், எங்கள் மாதிரி ஆட்களுக்குப் பார்க்க வேண்டியதும் அந்தப் பக்கம்தான்.

அண்ணன் வீடு தாராவியில். பொதுக் கழிப்பறைதான், வரிசையில் நிற்க வேண்டும். பேதி மருந்து குடித்துவிட்டு அங்கே இருக்கவே முடியாது. ஒவ்வொரு தடவையும் செம்பூரில் என் வீட்டுக்கு முந்தின நாளே வந்துவிடுவான். அப்படி வீடு இல்லாதவர்கள் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லி முந்தின நாளே அட்மிட் ஆகக் கேளுங்கள். இந்த ஒரு காரணத்துக்காக டெஸ்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள், டாக்டர்களுக்கு அது தோன்றுவதே இல்லை. அப்புறம், காலையில் லோக்கல் ட்ரெயினில் போகலாம் என்று நினைக்காதீர்கள். டாக்ஸிதான்.

பெண்களுக்கு இன்னும் சில. மாதவிலக்குக்கு இடையில் ரத்தம், நின்றபின் ரத்தம் என்றால் அன்றே போய்க் காட்ட வேண்டும். பிள்ளைப்பேறு முடிந்தபின், 40 வயதை ஒட்டி, கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடுவது பற்றி டாக்டர்கள் பேசுவார்கள். அதை நான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பிரின் பற்றியும் கேட்பார்கள்: தினம் 600 மில்லிகிராம் குறைந்தது இரண்டு வருஷம் எடுத்துக்கொண்ட லிஞ்ச் குடும்பத்தினருக்குப் பிற்காலத்தில் குடல் புற்று குறைந்தது என்று 2020-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. வயிற்றில் ரத்தக்கசிவு வரக்கூடிய மருந்து அது. மெடிக்கலில் தானாக வாங்கிப் போடக் கூடாது.

எங்கள் வம்சாவளிப் படத்தில் ஒரு இடத்தில் இரட்டைக் கோடு இருந்தது. உறவுக்குள் கல்யாணம் என்றால் அப்படிப் போடுவார்களாம். தங்கச்சியை அத்தை மகனுக்குத்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது. கவுன்சிலர் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் சீக்கிரம் டெஸ்ட் எடுங்கள் என்றார். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே ஜீனில் பழுது இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு பிரதியும் பழுதாக வரும். அந்தக் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே மூளைக் கட்டி, ரத்தப் புற்று, குடல் புற்று எல்லாம் வரலாம். தோலில் காபி நிறத் திட்டுகள் தெரிவது ஒரு அடையாளம். தங்கச்சி பிள்ளைகள் இரண்டு பேரின் முதுகையும் அவள் அன்று ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்ததாகச் சொன்னாள். மச்சானுக்குப் பழுது இருந்தது, அவளுக்கு இல்லை. அதனால் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் போயிற்று. அப்பாவிடமிருந்து வரும் பாதிக்குப் பாதி மட்டும் பாக்கி. அதை 18 வயதுக்கு மேல் அவர்களே முடிவு செய்து பார்த்துக்கொள்ளலாம்.

அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டிக்கொள்கிற நம் ஆட்களுக்கு இதை யாரும் தமிழில் சொல்வதில்லை. எம்.யு.டி.ஒய்.எச். என்று இன்னொரு ஜீன் இருக்கிறது. அதில் இரண்டு பிரதியும் கெட்டால்தான் குடலில் பாலிப்புகள் வரும். அப்பா அம்மா ஆரோக்கியமாக இருக்க, கூடப் பிறந்தவர்களுக்கு மட்டும் வரும். ஏ.பி.சி. ஜீன் கெட்டுப் போகிற குடும்பங்களின் கதை வேறு. நூற்றுக்கணக்கில் பாலிப் வரும், விட்டுவிட்டால் 50 வயதுக்குள் புற்று ஏறக்குறைய நிச்சயம். அங்கே பிள்ளைகளுக்கு 10-12 வயதிலேயே பரிசோதனை தொடங்க வேண்டும். பதினெட்டு வரை காத்திருக்கக் கூடாது.

கடினமாக இருந்தது டெஸ்ட் இல்லை, சொந்தக்காரர்களிடம் சொல்வதுதான். மதினி அழுதார். "பொண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். அண்ணன் மகளுக்கு இப்போதுதான் 16. அவர் பயம் எனக்குப் புரிகிறது. வம்சத்தில் நோய் என்றால் வரன் எப்படி வரும் என்பது நம் ஊரில் நிஜமான பயம். ஆனால் பெரியப்பாவுக்கு மகன்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்கள் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது நாம் ஒரு கல்யாணத்துக்காக வாயை மூடிக்கொண்டிருப்பது தப்பு என்று அவரிடம் நேராகவே சொன்னேன். அண்ணன் என் பக்கம் நின்றான். யாருடைய ரிசல்ட்டையும் பெயர் சொல்லி வெளியிடுவதில்லை, அண்ணனுடையதை மட்டும் அவன் சம்மதத்தோடு அனுப்புவது என்று முடிவு செய்தோம். டெஸ்டுக்கு முன் மருத்துவ இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், படிவத்தில் கேட்டதற்கு உண்மையை எழுதுங்கள் என்பதையும் போனில் தனித்தனியாகச் சொன்னேன்.

குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பியது இது. தேவைப்படுகிறவர்கள் ஜீன் பெயரை மாற்றிக்கொண்டு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"எல்லோருக்கும் வணக்கம். நம் தாத்தா வழியில் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு இருப்பது அண்ணனின் ரத்தப் பரிசோதனையில் உறுதியாகியிருக்கிறது. எம்.எஸ்.எச்.2 என்ற ஜீனில் பழுது. இதனால் குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய் சின்ன வயதிலேயே வரலாம். முன்கூட்டியே பார்த்தால் பெரும்பாலும் தடுக்கலாம். தாத்தாவின் பிள்ளைகளும், அவர்கள் வழியில் 18 வயது ஆன எல்லோரும் மரபியல் டாக்டரிடம் பேசுங்கள். அண்ணன் ரிப்போர்ட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்; லேபில் காட்டினால் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்ப்பார்கள். டெஸ்ட் வேண்டாம் என்று நினைப்பவர்கள் கொலோனோஸ்கோப்பியாவது செய்துகொள்ளுங்கள். யாருக்கு என்ன ரிசல்ட் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் எந்த நேரமும் எனக்குப் போன் பண்ணுங்கள்."

பெரியப்பாவின் மூத்த மகன் தூத்துக்குடியிலிருந்து அன்று ராத்திரியே கூப்பிட்டுப் பேசினார். ரத்தம் கொடுத்துவிட்டார், ரிசல்ட் வர வேண்டும். இளையவர் இன்னும் பதில் போடவில்லை. அவர் மனைவியிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.